சவானாவில் குடியேற வருவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கடலிலிருந்து சுமார் 18 மைல் உள்ளே, சவானா ஆற்றின் தென்கரை மேட்டில் அமைந்திருக்கிறது சவானா நகரம். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் இந்தச் சிறிய ஊருக்கு, 1978இல் தொடங்கப்பட்ட சவானா கலை, வடிவமைப்புக் கல்லூரியில் படிக்கவும், கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத் தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கவும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 2024இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு அந்த வரவு இன்னும் கூடியிருக்கிறது. சுற்றிப் பார்க்க வருபவருக்கு மூன்று நாள் போதும். வாழ வருபவர் சில காரியங்களை ஓர் ஒழுங்கோடு செய்தால் பின்னால் வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கலாம். அந்த ஒழுங்கிலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதற்படி: இரண்டு முறை வந்து பாருங்கள்

வாய்ப்பிருந்தால் வீடு முடிவு செய்வதற்கு முன் ஒரு முறை மார்ச் மாதத்திலும் ஒரு முறை ஆகஸ்ட் மாதத்திலும் வந்து பாருங்கள். மார்ச் மாதத்தில் அசேலியாப் பூக்கள் சதுக்கங்கள் முழுவதும் பூத்திருக்கும், காற்று இதமாக இருக்கும், யாருக்கும் ஊர் பிடித்துப்போகும். ஆகஸ்டில் வெப்பம் 33 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தொடும். ஈரப்பதம் அதைவிட வாட்டும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டி, தாழ்வான தெருக்களில் சிறிது நேரம் தண்ணீர் நிற்கும். இந்த இரண்டாவது முகத்தைப் பார்த்த பிறகும் ஊர் பிடித்திருந்தால் துணிந்து வரலாம். மார்ச் 17ஐ ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 1824இலிருந்து நடந்துவரும் புனித பேட்ரிக் நாள் ஊர்வலத்துக்காக அப்போது பெருங்கூட்டம் கூடும். விடுதி வாடகை பன்மடங்காகும். வீடு பார்க்கத் தெருவுக்குள் நுழையவே முடியாது.

இரண்டாம் படி: சதுக்கங்களை நடந்து படியுங்கள்

1733 பிப்ரவரி 12ஆம் நாள் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற ஆங்கிலேயர் நூற்றுச் சொச்சம் குடியேறிகளோடு இந்த மேட்டில் வந்து இறங்கினார். அங்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்த யமக்ரா மக்களின் தலைவர் டோமோசிசி, மேரி மஸ்க்ரோவ் என்ற பெண் மொழிபெயர்த்துச் சொல்ல, ஓகல்தார்ப்போடு பேசி இடம் கொடுத்தார். ஓகல்தார்ப் வகுத்த ஊரமைப்பு இன்றும் பெரும்பாலும் சிதையாமல் இருக்கிறது. நடுவில் ஒரு திறந்த சதுக்கம். அதன் கிழக்கிலும் மேற்கிலும் கோயில், பள்ளி முதலிய பொதுக் கட்டடங்களுக்கென நான்கு மனைகள். வடக்கிலும் தெற்கிலும் பத்துப் பத்தாக நாற்பது வீட்டு மனைகள். இப்படி ஒரு வட்டாரம். ஊர் வளர வளர இதே அச்சைத் திரும்பத் திரும்பப் பதித்துக்கொண்டே போனார்கள். 1851க்குள் சதுக்கங்கள் 24 ஆயின. அவற்றுள் 22 இன்றும் இருக்கின்றன.

இதை வரைபடத்தில் பார்ப்பதைவிடக் காலால் அறிவதே நல்லது. பொன்முலாம் பூசிய குவிமாடம் கொண்ட நகர மன்றத்தின் முன்னிருந்து புல் தெருவில் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். ஜான்சன், ரைட், சிப்பிவா, மேடிசன், மான்டரே என ஐந்து சதுக்கங்களைத் தாண்டினால் சுமார் ஒரு மைலில் ஃபோர்சைத் பூங்காவும் அதன் 1858ஆம் ஆண்டு வெண்ணிற நீரூற்றும் வந்துவிடும். காலை எட்டு மணிக்கு முன் நடந்தால் நிழலும் அமைதியும் கிடைக்கும். லைவ் ஓக் மரங்களின் கிளைகள் தெருவுக்குக் குறுக்கே கூரைபோல் கவிந்திருக்க, அவற்றிலிருந்து சாம்பல் நிறத் தாடிபோல் தொங்குவது ‘ஸ்பானிஷ் மாஸ்’ எனப்படும் செடி. பெயரில் பாசி என்றிருந்தாலும் அது பாசியன்று, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது; மரத்தை உறிஞ்சாமல் காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே வாழ்வது.

ரைட் சதுக்கத்தில் சற்று நில்லுங்கள். நடுவில் உயர்ந்து நிற்பது கார்டன் என்ற ரயில் நிறுவனத் தலைவருக்கு 1883இல் எழுப்பிய நினைவுச்சின்னம். அதே சதுக்கத்தில்தான் 1739இல் டோமோசிசியை அடக்கம் செய்தார்கள். அவருடைய கல்லறை மேட்டை அகற்றிவிட்டே இந்தச் சின்னத்தை எழுப்பினார்கள். அதற்கு ஈடுசெய்யும் விதமாக 1899இல் சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையில் செதுக்காத பெரிய கருங்கல் ஒன்றை வைத்தார்கள். இடம் கொடுத்தவருக்கு மூலையும் பின்னால் வந்தவருக்கு நடுவிடமும் கிடைத்ததை அந்தக் கல் எதுவும் சொல்லாமலே காட்டுகிறது. குடியேற வருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டிய இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாம் படி: இந்த அழகை யார் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜார்ஜியாவில் 1735இல் அடிமை முறை தடைசெய்யப்பட்டது; 1751இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. அதன்பின் வந்த நெல்லும் பருத்தியும் இவ்வூரைச் செல்வமாக்கின. பழைய வீடுகள் பலவற்றில் காணும் ‘சவானா கிரே’ என்ற பெரிய செங்கற்கள், ஆற்றோரத்து ஹெர்மிடேஜ் தோட்டத்தில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் அறுத்துச் சுட்டவை. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது முகவர் அந்தச் செங்கல் சுவரைப் பெருமையோடு காட்டுவார். அதன் விலை ஏன் கூடுதல் என்பதோடு அதை அறுத்தவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்காக மூன்று இடங்களுக்குச் சென்று வாருங்கள். ஓகல்தார்ப் சதுக்கத்திலுள்ள ஓவன்ஸ் - தாமஸ் இல்லம் 1819இல் வில்லியம் ஜே என்ற இளம் கட்டடக் கலைஞர் கட்டியது. மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்புறத்தில் அடிமைகள் வாழ்ந்த இரண்டடுக்குக் கட்டடத்துக்குள் சென்று தலையை உயர்த்திப் பாருங்கள். உத்தரங்களிலும் மேற்பலகைகளிலும் மங்கிய நீல வண்ணம் அங்கங்கே உரிந்தும் ஒட்டியும் இருக்கும். அவுரியையும் சுண்ணாம்பையும் மோரையும் கலந்து, தீய ஆவிகள் அண்டாதிருக்க அங்கே வாழ்ந்தவர்கள் பூசிய நீலம் அது. ஊரில் பல வீடுகளின் முன் தாழ்வாரக் கூரை இன்றும் இதே நீலத்தில் இருப்பதை அதற்குப் பிறகு நீங்களே கவனிப்பீர்கள்.

இரண்டாவது, ஃபிராங்க்ளின் சதுக்கத்திலுள்ள முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம். 1773இல் வேர்விட்ட இந்தச் சபையின் இப்போதைய கட்டடத்தை, பகலெல்லாம் பிறருக்கு உழைத்த சபையினர் இரவில் வந்து தங்கள் கையாலேயே எழுப்பி 1859இல் முடித்தார்கள். கீழ்த்தளத்தின் மரத்தரையில் வைர வடிவத்தில் துளைகள் இடப்பட்டிருக்கின்றன. அவை கொங்கோ நாட்டுச் சமயக் குறி என்றும், தரைக்கு அடியில் ஒளிந்திருந்து தப்பியோடியவர்கள் மூச்சுவிட உதவியவை என்றும் சபையினர் சொல்கிறார்கள். அதே 1859ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊருக்கு மேற்கே குதிரைப் பந்தய மைதானம் ஒன்றில் 400க்கும் மேற்பட்ட ஆண், பெண், குழந்தைகளை இரண்டு நாள் ஏலம் விட்டார்கள். ‘அழுகையின் காலம்’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். மூன்றாவது, ரால்ஃப் மார்க் கில்பர்ட் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். 1960களில் கடைப் புறக்கணிப்பும் உணவக மறியலும் இங்கே எப்படி நடந்தன என்பதை அங்கே காணலாம்.

ஊர் இந்த வரலாற்றோடு இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறது. அடிமை முறையை ஆதரித்த கால்ஹூனின் பெயர் தாங்கிய சதுக்கத்துக்கு, 2023இல் சூசி கிங் டெய்லரின் பெயரைச் சூட்டினார்கள். அடிமையாகப் பிறந்து, சவானாவில் மறைவாக எழுத்துக் கற்று, பின் ஆசிரியராகவும் உள்நாட்டுப் போரில் செவிலியாகவும் பணிபுரிந்தவர் அவர்.

நான்காம் படி: வீட்டைத் தேர்ந்தெடுத்தல்

இந்த ஊரில் வீடு தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி வாடகை எவ்வளவு என்பதன்று, தண்ணீர் எங்கே போகும் என்பது. கடல் ஏற்றவற்றம் இங்கே ஏழு முதல் ஒன்பது அடி வரை இருக்கும். உவா நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஏற்றமும் கனமழையும் ஒன்றாக வந்தால் மழைநீர் வடியாது. ஆகவே பார்க்கும் முகவரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கூட்டரசின் வெள்ள வரைபடத்தில் அது எந்த மண்டலம் என்பது ஒன்று, சவானா அடங்கிய சாத்தம் மாவட்டத்தின் புயல் வெளியேற்றப் பிரிவுகளில் எது என்பது மற்றொன்று. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பழைய நகரப் பகுதியில் வாசலுக்குப் படியேறிப் போகும் மேல்தளமும், படிக்குக் கீழே தெரு மட்டத்தில் ஒரு கீழ்த்தளமும் இருக்கும். கீழ்த்தளத்து வாடகை குறைவு. நான் முதலில் எடுத்தது அப்படி ஒன்றுதான். பிப்ரவரியில் பார்த்தபோது செங்கல் சுவரும் கணப்படுப்பும் அழகாக இருந்தன. ஜூலை மாதத்தில் ஒரு நாள் அலமாரியைத் திறந்தேன். தோல் காலணிகள் மீது பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை மெத்தென்று படர்ந்திருந்தது, சட்டைக் காலர்களில் கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. வீட்டு உரிமையாளர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். அது ஈரத்தை இன்னும் உள்ளே அழைத்தது. ஈரம் நீக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கதவுகளை அடைத்து ஓட்டிய பிறகே நிலைமை சரியானது. அன்றாடம் அதன் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொட்டினேன். எனவே கீழ்த்தளம் பார்க்கப் போனால் அலமாரிக்குள் தலையை நுழைத்து மோந்து பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் வண்ணம் குமிழிட்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். குளிர்சாதன வசதி வீடு முழுவதற்குமா ஓர் அறைக்கு மட்டுமா என்று கேளுங்கள்.

பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார் இல்லாத மாணவர்களுக்குப் பழைய நகரமும் அதற்குத் தெற்கே மர வீடுகள் நிறைந்த விக்டோரியப் பகுதியும் ஏற்றவை. அதற்கும் தெற்கேயுள்ள ஸ்டார்லாண்டில் இளைஞர்களும் சிறு கடைகளும் மிகுதி. ஆர்ட்ஸ்லி பார்க் அகலமான நிழற்சாலைகளும் பழைய தனி வீடுகளும் கொண்ட அமைதியான இடம். தொழிற்சாலைக்கும் விமான நிலையத்துக்கும் அருகே புதிய வீடு வேண்டுவோர் மேற்கேயுள்ள பூலருக்குப் போகிறார்கள். இந்தியக் குடும்பங்களையும் அங்கே காணலாம். ஆனால் அங்கிருந்து எதற்கும் கார் வேண்டும், துறைமுகத்துச் சரக்கு லாரிகளோடுதான் சாலையைப் பங்கிட வேண்டும். வேலையிடம் கட்டாயப்படுத்தாவிட்டால் முதல் ஓராண்டாவது சதுக்கங்களுக்கு நடந்துபோகும் தொலைவில் வாழுங்கள் என்பதே என் கருத்து. சொந்த வீடு வாங்க நினைப்பவர்கள், பழைய நகர எல்லைக்குள் வெளிச்சுவர் வண்ணம், ஜன்னல், வேலி ஆகியவற்றை மாற்றக்கூட முன் ஒப்புதல் தேவைப்படலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: தாள் வேலைகள்

ஜார்ஜியாவில் குடியேறிய 30 நாட்களுக்குள் ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவும் மாற்ற வேண்டும். வேறு அமெரிக்க மாநில உரிமம் உள்ளவர்களுக்கு இது எளிது. இந்திய உரிமம் மட்டும் உள்ளவர்கள் எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். வாடகை முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2024 ஜூலை முதல் மாநிலச் சட்டம் சொல்கிறது. குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, குழாய் அனைத்தையும் தேதியோடு படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். சாதாரண வாடகைதாரர் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. வெள்ளக் காப்பீடு தனி. கூட்டரசுத் திட்டத்தில் அதை வாங்கினால் பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் செய்தி வந்த பிறகு வாங்கப் பயனில்லை.

ஆறாம் படி: ஊருக்குள் போய்வருதல்

பழைய நகரத்தில் ‘டாட்’ என்ற பேருந்தும் ஆற்றைக் கடக்கும் படகும் இலவசம். படகுகளுக்கு மேரி மஸ்க்ரோவ், சூசி கிங் டெய்லர் போன்ற இவ்வூர்ப் பெண்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். கார் ஓட்டும்போது சதுக்கத்தைச் சுற்றும் முறையைப் பழக வேண்டும். கோயிலில் வலம் வருவதற்கு எதிர்த்திசையில், சதுக்கம் எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்குமாறு சுற்ற வேண்டும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. தெருவில் நிறுத்துமுன் கம்பத்திலுள்ள பலகையை முழுவதும் படியுங்கள். தெரு கூட்டும் இரவு குறித்திருக்கும். அன்று நிறுத்தினால் அபராதம் உறுதி.

ரிவர் தெருவுக்கு இறங்கும் கற்படிகள் செங்குத்தானவை, ஒன்றுபோல் மற்றொன்று இராது. கீழேயுள்ள பாதையோ, பருத்தி ஏற்ற வந்த கப்பல்கள் பாரச் சமநிலைக்காகக் கொண்டுவந்து கொட்டிய உருண்டைக் கற்களால் பாவியது. முதியவர்களையும் குழந்தை வண்டியையும் அங்கே அழைத்துச் செல்ல மின்தூக்கி இருக்கும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடற்கரைக்குப் போக டைபீ தீவு இருக்கிறது. 178 படிகள் ஏறினால் கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து சதுப்பு நிலம் முழுவதும் தெரியும். தீவுக்கு ஒரே சாலைதான். உவா நாட்களில் கடல் அதன் மீது ஏறிவிடுவதுண்டு. ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

ஏழாம் படி: உணவும் பூச்சியும்

சோறு உண்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான ஊரன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் நெல் அறிவில் உருவான சமையல் இது. அவர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்களின் தக்காளிச் சோறு, வெண்டைக்காய்க் குழம்பு, இறால் ஆகியவற்றைத் தேடி உண்ணுங்கள். சாலையோரங்களில் உப்பிட்டு வேகவைத்த நிலக்கடலை சூடாகக் கிடைக்கும். தோலைப் பிதுக்கி வாயில் போட்டால் ஊர் நினைவு வந்துவிடும். மரக்கறி உண்பவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: கீரையிலும் அவரையிலும்கூடப் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பது இங்கே வழக்கம். சனிக்கிழமை காலையில் ஃபோர்சைத் பூங்காவில் உழவர் சந்தை கூடுகிறது. பெரிய அளவில் மளிகை வாங்கவும், ரிவர்டேலிலுள்ள வேங்கடேசுவரர் கோயிலுக்குப் போகவும் அட்லாண்டா பக்கம்தான் செல்ல வேண்டும். அது ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்.

இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ‘நேட்’ எனப்படும், கண்ணுக்குத் தெரியாத அளவிலான கடிபூச்சிகள் மாலையில் மொய்க்கும். இவ்வூர்ப் பேஸ்பால் அணி 2015 வரை அந்தப் பூச்சியின் பெயரையே தாங்கியிருந்தது என்றால் அதன் செல்வாக்கை அறியலாம். காற்று வீசும்போது அவை வருவதில்லை, ஆகவே தாழ்வாரத்தில் ஒரு மின்விசிறி போதும். பறக்கும் பெரிய கரப்பான்களும் வரும். அவை வீடு அழுக்கு என்பதற்கு அடையாளமல்ல, மரங்களிலிருந்து வருபவை. எனினும் பூச்சிமருந்து அடிக்கும் செலவு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எட்டாம் படி: புயல் காலமும் அக்கம்பக்கமும்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2016இல் மேத்யூ புயலின்போதும் 2017இல் இர்மா புயலின்போதும் கடலோர மக்களை வெளியேற ஆணையிட்டார்கள். ஐ-16 நெடுஞ்சாலையின் எல்லாத் தடங்களும் மேற்கு நோக்கியே திருப்பிவிடப்பட்டன. உங்கள் பிரிவுக்கு ஆணை வந்தால் விவாதிக்காமல் கிளம்புங்கள். கடவுச்சீட்டு, விசாத் தாள்கள், மருந்து, சிறிது ரொக்கம் ஆகியவற்றை நீர்புகாப் பையில் போட்டுத் தயாராக வைத்திருங்கள். வண்டியில் எரிபொருள் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். உள்நாட்டு ஊர்களில் விடுதிகள் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்பதால், மேக்கனிலோ அட்லாண்டாவிலோ யார் வீட்டில் தங்குவது என்பதை மே மாதத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாகப் பக்கத்து வீட்டாரைப் பழகிக்கொள்ளுங்கள். தெருவில் எதிர்ப்படும் முன்பின் தெரியாதவருக்கும் வணக்கம் சொல்வது இங்கே அடிப்படை மரியாதை. கடையில் எடுத்த எடுப்பில் வேலையைச் சொல்லாமல், நலம் விசாரித்துவிட்டே கேட்பார்கள். பெரியவர்களை ‘மேம்’, ‘சார்’ என்றழைப்பது பள்ளிப் பிள்ளைகளிடமும் நிலைத்திருக்கும் பழக்கம். நம்மவர்களுக்கு அது இயல்பாகவே வரும். மாலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவர் உங்கள் தெருவில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த மரத்தின் கிளை முறியும் என்பதையெல்லாம் நாற்பது ஆண்டு அனுபவத்தில் சொல்லக்கூடியவர். ஜூன் பிறப்பதற்குள் ஒரு நாள் மாலை அவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். கார் இல்லாமல் தனியாக இருப்பவர் அவரானால், வெளியேறும் நாளில் உங்கள் வண்டியில் ஓர் இருக்கை அவருக்கு உண்டென்று அன்றே சொல்லிவிடுங்கள்.